ஒருவருக்கு எதற்கு ஹீட்டர்

துணையை இழந்தவர்களின் வீட்டுச் செலவு எப்படி மாறுகிறது என்பதுதான் மிருணாளினியின் ஆய்வு. மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வு மையத்திலிருந்து அன்று புறநகரான டார்னெய்ட்டில் இருக்கும் சேஷாத்ரியைத் தொலைபேசியில் அழைத்தாள். மனைவி இறந்தபிறகு அவர் தனியாகத்தான் இருந்தார்.

“ஹீட்டருக்கு முந்தி மாதிரியே செலவாகுதோ, அங்கிள்?”

“போடறதே இல்லம்மா. ஒருத்தனுக்கு எதுக்கு?”

“இவர் கை சில்லுன்னு இருக்கு. போட்டுக்கச் சொல்லும்மா,” என்றது அவர் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல்.

“பக்கத்தில ஆர், அங்கிள்? ஹீட்டர் போடச் சொல்லுறா.”

அவர் குரல் உடைந்தது.

“போன வாரம் போன் பண்ணின பார்மசிப் பொண்ணும் இப்படித்தான் கேட்டா. என் ஆத்துக்காரி குரல் எனக்கு மட்டும் கேக்கவே மாட்டேங்கறதும்மா. வேற என்ன சொல்றா?”

மிருணாளினி அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அந்தக் குரல் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சொல்லாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.