அடைக்கு விடாத வீடு

"வெறுங்கூட்டுல உட்கார்ந்து என்ன சுகத்தைக் கண்டே? எழுந்திருடி!"

கொல்லையிலிருந்து வந்த மாமியாரின் குரல் அடுப்படியில் நின்ற மருமகளுக்குச் சுருக்கென்று தைத்தது.

எட்டிப் பார்த்தாள். மாமியார் குட்டச்சியை இரண்டு கையாலும் பிடித்து, வாளித் தண்ணீரில் வயிறு நனைய முக்கிக்கொண்டிருந்தார்.

குட்டச்சி என்பது கோழி. அந்த வீட்டுக் கோழிகள் எல்லாமே குட்டை ஜாதி. சாதாரணக் கோழியில் பாதிகூட இருக்காது. பகலெல்லாம் தெருவில் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்தால் தானாகக் கூட்டுக்கு வந்துவிடும். ஆள்தான் குள்ளம், அடைகாக்கும் ஆசை மட்டும் ஆகாசம் முட்டும். நாலு முட்டை இட்டதும் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கிட்டே போனால் 'கொர்ர்' என்று சண்டைக்கு வரும்.

உட்கார்ந்ததுதான் தாமதம், மாமியார் வந்து முட்டையை எடுத்துவிடுவார். முட்டை போனபிறகும் எழுந்திருக்காவிட்டால் தண்ணீரில் முக்கி, வைக்கோல் இல்லாத கம்பிக் கூண்டில் போட்டுவிடுவார். வயிற்றுச் சூடு தணிந்தால் அடை கலைந்துவிடுமாம்.

"பாவம் அத்தை. முன்னே ஒரு தடவை விட்டீங்களே, இப்போ மட்டும் ஏன்?"

"அந்த ஒரு தடவையே போதும். இந்த வீட்டுல இனிமே குஞ்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மருமகள் விடுவிடுவென்று அடுப்படிக்குத் திரும்பினாள். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. 'வெறுங்கூடு' யாரைக் குத்துகிற சொல் என்று புரியாத அளவுக்கு அவள் மக்கு இல்லை. நேருக்கு நேர் சொல்லித் தொலைத்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கோழியைச் சாக்கு வைத்து ஜாடை பேசுவதுதான் பொறுக்க முடியவில்லை.

கணவனிடம் முறையிட்டாள்.

"அம்மா கோழியைத்தானே திட்டறாங்க? அதை ஏன் நீ வாங்கித் தலையில போட்டுக்கறே?"

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டான். மகராசன், இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை!

அடுத்த தடவை குட்டச்சி உஷாராகிவிட்டாள். கூட்டுப் பக்கமே வரவில்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த பழைய தகரத்துக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் முட்டையிட்டு அடை உட்கார்ந்திருந்தாள். துணி காயப்போடப் போன மருமகள் கண்ணில்தான் பட்டாள்.

மருமகள் மூச்சு விடவில்லை. தினமும் ஒரு கை தானியமும் ஒரு கிண்ணம் தண்ணீரும் தகரத்துக்கு அடியில் போயின.

"குட்டச்சியைக் காணோமே!" மாமியார் தெருமுனை வரைக்கும் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"பூனை கீனை தூக்கிட்டுப் போயிருக்கும் அத்தை."

அன்றைக்கு மாமியார் சரியாகவே சாப்பிடவில்லை. 'ஆமா, முட்டை போச்சேன்னு கவலை' என்று மருமகள் மனசுக்குள் நொடித்துக்கொண்டாள்.

ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். தகரத்தின் மேல் போட்டு, நாலு பக்கமும் கல்லை வைத்துவிட்டுத் தொப்பலாகத் திரும்பினாள்.

"எங்கே போய் நனைஞ்சே?"

"துணி எடுக்கப் போனேன் அத்தை."

"துணியைத்தான் நான் அப்பவே எடுத்துட்டேனே?"

மருமகள் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டு வெளிப்பட்டது. தகரத்துக்கு அடியிலிருந்து 'கீச் கீச்' என்று சத்தம். குட்டச்சி மகாராணி மாதிரி வெளியே வந்தாள். பின்னாலேயே பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள்.

கொல்லையைப் பெருக்கிக்கொண்டிருந்த மாமியார் துடைப்பமும் கையுமாக நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியும் போனது.

"இது உன் வேலையா?"

"ஆமா, என் வேலைதான்!" இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "அதுவாவது நிம்மதியா பெத்துக்கட்டும்னுதான் விட்டேன். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதா அத்தை? வெறுங்கூடு, வெறுங்கூடுன்னு நீங்க குத்தறது கோழியை இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

மாமியார் திகைத்துப்போனார்.

"ஐயையோ... உன்னையா? நானா?"

அதற்குமேல் பேசுவதற்குள் கேட் கிறீச்சிட்டது. கோடிவீட்டுக்காரி வந்துகொண்டிருந்தாள். எந்த வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக மூக்கை நுழைக்கிறவள். அவளைப் பார்த்ததும் மருமகள் ஓரமாக ஒதுங்கினாள்.

"அட, குஞ்சு பொரிச்சிடுச்சா! தெருவுல சத்தம் கேட்டுச்சு, ஓடி வந்தேன்."

குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தாள். கொஞ்சினாள். பிறகு அவள் பார்வை நிமிர்ந்து மருமகளின் முகத்துக்கு வந்தது. அங்கிருந்து மெல்ல வயிற்றுக்கு இறங்கியது.

"ஹும்... ஒரு கோழிகூட..."

"நிறுத்து!"

மாமியாருக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்றே மருமகளுக்குத் தெரியாது. கோடிவீட்டுக்காரியின் கையிலிருந்து குஞ்சைப் பிடுங்கித் தாயிடம் விட்டார். மருமகளை மறைத்தாற்போல் முன்னால் வந்து நின்றார்.

"அந்தப் பேச்சை இன்னொரு தடவை இந்த வீட்டுல எடுத்தே, நடக்கறதே வேற! முன்னே ஒரு தடவை குஞ்சு பார்க்க வந்து, இதையேதான் சொல்லிட்டுப் போனே. என் பொண்ணு, இதோ நிக்கறாளே இவ, மோட்டார் ரூம்ல போய் நின்னு அழுதா. அன்னையிலேருந்துதான், வாயில்லா ஜீவனாச்சேன்னுகூடப் பார்க்காம, அடைக்கு உட்கார்ற கோழியை எல்லாம் தண்ணியில முக்கிப் பாவத்தைக் கட்டிக்கிட்டிருக்கேன் நான்!"