டேனர் தெருவின் ஓட்டுகள்

எங்கள் மில்பரோ தொகுதியில் எப்போதும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். ஓட்டுகளை எண்ண வேண்டாம், எடை போட்டாலே போதும் என்று ஊரே கேலி செய்யும். அதனால்தான் கால்வாயோரப் பள்ளிப் பெட்டியில் ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போட வந்தவர்களைவிட முப்பத்தேழு சீட்டுகள் கூடுதலாக வந்ததை அதிகாரிகள் பெரிதுபடுத்தவில்லை.

இருபது வருடம் அந்தப் பெட்டியை எண்ணியவள் நான். கூடுதல் சீட்டுகளிலும் ஒழுங்கான பென்சில் குறி இருக்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, ஒருவர்கூட மிஞ்சாமல் அழிந்த டேனர் தெருவுக்கும் அந்தப் பள்ளிதான் வாக்குச்சாவடி.

1974இல் தொகுதியைக் கலைத்து, கிழக்கு, மேற்கு என்று இரண்டாக்கினார்கள். பள்ளிச் சாவடியும் இரண்டாகி வேறு வேறு இடங்களுக்குப் போனது. தேர்தலுக்கு மறுநாள் காலை கிழக்குப் பெட்டியை எண்ணி முடித்தேன். பத்தொன்பது அதிகம். மேற்கில் எண்ணிய சிரிலுக்குப் போன் செய்தேன்.

"உன் பக்கம் கணக்கு சரியா வந்துச்சா?"

"எங்க கண்ணு! பதினெட்டு அதிகமா வருது. மூணு தடவ எண்ணிட்டேன், டீயும் ஆறிப்போச்சு. நீ எண்ணியிருந்தா சாயங்காலம் ஆயிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் புது வரைபடம் இருந்தது. எல்லைக்கோடு டேனர் தெரு இருந்த இடத்தின் நடுவே போனது. போருக்கு முந்தைய வாக்காளர் பட்டியலைப் புரட்டினேன். கிழக்கு வரிசை வீடுகளில் பத்தொன்பது பேர், எதிர் வரிசையில் பதினெட்டுப் பேர்.

புதுச் சாவடி எதுவென்று வீட்டுக்கு வீடு அட்டை அனுப்பியிருந்தோம். டேனர் தெருவுக்கு அனுப்பவில்லை.

ஒருவர்கூடச் சாவடி மாறிப் போகவில்லை.