டிராயிங் வாத்தியாரின் தூர லென்ஸ்

சுப்பராயலு கொடியில் மாட்டியிருந்த படத்தில் பனைமரத்துக்குத் தலையே இல்லை. அதையும் நாலு பேர் கூடி நின்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்குவது சூசைநாதனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

பாகூரில் அறுபது காணி கரும்பும் நெல்லும் வைத்திருந்த சுப்பராயலுவின் மெத்தை வீட்டில், மாதத்தின் கடைசி ஞாயிறு போட்டோ சங்கம் கூடும். மாதம் ஒரு தலைப்பு. ஆளுக்கொரு படம் கொண்டுவந்து கொடியில் மாட்டி, வடையும் காபியுமாகப் பேசிக் கலைவார்கள். காமிராவைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியாத கூட்டம் என்பது சூசைநாதனின் தீர்மானம்.

இவர்களுக்கு அவர் கடலூர் டிராயிங் வாத்தியார். உண்மையில், தென்பெண்ணைக்கு அக்கரையில் இருந்த பிரிட்டிஷ் எல்லைச் சாவடியின் இன்ஸ்பெக்டர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாகூருக்குள் அவருடைய காக்கிக்கு மதிப்பில்லை. அதனால் வேட்டியும் ஜிப்பாவும். பட்டும் பிராந்தியும் வாராவாரம் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன. பொங்கலுக்குள் ஒரு கடத்தல்காரனையாவது பிடிக்காவிட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவதாகத் துரை எழுதியே அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கடலூர் போட்டோ சாமான் கடையில், அவருடைய நீளமான லென்ஸைப் பார்த்து வாயைப் பிளந்தபடி நின்றார் பாகூர் ஜவுளி வியாபாரி ஜலாலுதீன். யார் என்று விசாரித்தவரிடம் டிராயிங் வாத்தியார் என்று கூசாமல் சொல்லிவைத்தார் சூசைநாதன். "எங்க சங்கத்துல சேர்ந்துடுங்க வாத்தியாரே" என்று ஜலாலுதீன் கூப்பிட்டதும் அவருக்குப் பொறி தட்டியது. காமிராவும் கையுமாக ஆற்றங்கரையெல்லாம் திரிகிற அசடுகள். என்றைக்காவது ஒரு கடத்தல்காரன் இவர்கள் படத்தில் தானாக வந்து விழுவான். சம்பளம் இல்லாத ஒற்றர்கள்.

போன மாதத் தலைப்பு 'ஊடே தெரிவது'. ஜலாலுதீன் ஓர் அத்தர் பாட்டிலைப் புகைமூட்டம் போலப் படமெடுத்து வந்தார். சுப்பராயலுவின் படத்தில் கண்ணாடி வளையல்கள் கறுப்பாக விழுந்திருந்தன. சூசைநாதன் தன் மேஜைமேல் சதுரக் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் வைத்துப் படம் பிடித்திருந்தார். பின்சுவரில் ஒட்டியிருந்த காகிதம்கூட ஜாடியின் ஊடே வரிவரியாகத் தெரிந்தது.

காபி கொண்டுவந்த சுப்பராயலுவின் மனைவி தையலம்மாள் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா தெளிவு வாத்தியாரே. இத நான் பூசையறையில மாட்டிக்கட்டுமா?"

தண்ணீர் ஜாடியைப் பூசையறையில் மாட்டுகிற ஜன்மத்திடம் என்ன சொல்வது? எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இந்த மாதம் 'தூர லென்ஸ்'. தலையில்லாத பனைமரத்தைத் தாண்டி, ஜலாலுதீனின் படத்துக்கு வந்த சூசைநாதன் குனிந்து உற்றுப் பார்த்தார். மங்கலான ஆறு. கரையோரம் இரண்டு படகுகள். படகு நிறைய மூட்டைகள்.

"இது எந்த இடம் பாய்?"

"சோரியாங்குப்பம். போன வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி சைக்கிள்ல போனேன். கொக்கதான் எடுக்கப் பாத்தேன், அது பறந்துடுச்சி. படகுதான் வுழுந்திச்சி."

"மூட்டையில என்ன?"

"யாரு கண்டா? வாராவாரம் அதே நேரத்துக்கு வந்து நிக்கிது."

காபியை ஒரே மடக்கில் குடித்தார் சூசைநாதன். பிறகு பெருந்தன்மையோடு தன் படத்தைக் கொடியில் மாட்டினார். சோரியாங்குப்பத்துக்கு மேற்கே இரண்டு மைலில் இருக்கும் ஆலமரத்துறை. இக்கரையில் நின்று அக்கரையை எடுத்திருந்தார். புதருக்குள் உட்கார்ந்திருந்த ஆட்களின் தலைப்பாகை மடிப்புகூடத் தெரிந்தது. ஒரு நல்ல லென்ஸ் என்ன செய்யும் என்று கால் மணி நேரம் விளக்கினார். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

"இவங்கள்லாம் யாரு வாத்தியாரே?" என்றாள் தையலம்மாள்.

"மாடு மேய்க்கிறவங்கம்மா."

"பாவம், இந்த வெயில்ல" என்று சொல்லிவிட்டு அவள் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆலமரத்துறைக் காவலையும் சேர்த்துப் பதினோரு பேரையும் சோரியாங்குப்பத்துக்கு எதிர்க்கரையில் பதுக்கினார் சூசைநாதன். மூன்று மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் படகுகள் வந்தன. கரை தொட்டதும் முழங்கால் தண்ணீரில் அவரே முதலில் குதித்தார்.

முதல் மூட்டையில் கோரைப்பாய். இரண்டாவதிலும் கோரைப்பாய். சந்தேகம் தீராமல் ஒரு பாயைக் கத்தியால் கிழித்தார். அதற்குள் சுருட்டி வைத்திருந்தது இன்னொரு சின்னப் பாய்.

"கிழிச்ச பாய்க்கு யாரு சாமி பதில் சொல்றது?" என்று படகுக்காரன் கேட்டான். கான்ஸ்டபிள்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நனைந்த கால்சட்டையோடு கரையேறிய சூசைநாதன், ஒரு மூட்டையைக்கூடத் தெளிவாகப் படம் பிடிக்கத் தெரியாத ஜலாலுதீனை மனசுக்குள் திட்டித் தீர்த்தார்.

அதே நேரத்தில், காவலுக்கு ஆளே இல்லாத ஆலமரத்துறையில் பிராந்திப் பெட்டிகளோடு கடைசி வண்டி அக்கரை ஏறிக்கொண்டிருந்தது. இக்கரையில் மனைவிக்குக் குடை பிடித்தபடி நின்றிருந்தார் சுப்பராயலு.

"அன்னிக்கி சாவடிச் சுவத்துல இருந்த காவல் பட்டியலயே ஜாடி வழியா காட்டினாரு. இன்னிக்கி காவலயே எடுத்துட்டாரு. தங்கமான மனுசன்" என்றார்.

ஆற்றில் காலை அலம்பிக்கொண்டு நிமிர்ந்தாள் தையலம்மாள்.

"அடுத்த மாசத் தலைப்ப 'பூட்டு'ன்னு வையுங்க. முன்ன இருந்த இன்ஸ்பெக்டர் புடிச்சிவெச்ச நம்ம பெட்டி எட்டும் சாவடிக் கிடங்குலதான் கெடக்குது."