கறுப்பில் ஐம்பது

மைத்துனன் உள்ளே வந்தபோது, அவர் அடுப்பில் உருக்கிய பிளாஸ்டிக்கில் சாயம் கலந்து, தூண்டிலில் மாட்டும் புழுக்களுக்கான அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்காவை அடக்கம் பண்ணி ஒரு நாள்கூட ஆகல, அத்தான்."

"கறுப்புல அம்பது புழு வேணுமாம். அவ ஒத்துக்கிட்ட வேலை."

"நேத்து ஒருத்தரும் உங்களுக்கு முகம் குடுத்துப் பேசல. ஏன்னு தெரியுமா?"

"கவனிக்கல."

அச்சைத் திறந்து புழுக்களை மேசையில் உதறினார்.

"கறுப்புன்னீங்க. எல்லாம் சிவப்பா இருக்கே?"

"அப்படியா? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சாயமோ சட்டையோ, அவதான் பார்த்து எடுத்துக் குடுப்பா."

மைத்துனன் கொடியைப் பார்த்தான். நேற்று அவர் போட்டிருந்த சிவப்புச் சட்டை துவைத்துத் தொங்கியது.

"நேத்து நானாத்தான் தேடி எடுத்தேன்," என்றார் அவர். "கறுப்புச் சட்டைதானே?"

"கறுப்புதான், அத்தான்."