வளைந்துபோன எல்லைக்கோடு

காட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பூங்கா அமைக்க யானை அரசர் முடிவு செய்தார். நிலத்தை அளந்து கல் நடும் வேலையை நரியிடம் கொடுத்தார். அதைச் சரிபார்க்க நாரையை நியமித்தார்.

ஒருநாள் முள்ளம்பன்றியின் கிழங்குக் கொல்லைக்கு நடுவே எல்லைக்கல் நின்றது. "இது இனி பூங்காவுக்கு. உனக்குப் பாறைமேட்டில் மாற்று இடம் உண்டு" என்றது நரி.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்திலேயே நரியின் புதர்க்காடு சும்மா கிடந்தது. அதில் ஒரு கல்கூட இல்லை.

நாரை வந்தது. மரக்கிளையில் இருந்தபடியே வரைபடத்தைப் பார்த்து, "எல்லாம் சரிதான்" என்றது.

"ஐயா, கீழே இறங்கி என்னோடு ஒருதடவை நடந்து வாருங்கள்."

"ஏன், என்மேல் சந்தேகமா?"

"ஆமாம் ஐயா. உங்கள் கையில் இருப்பது நரி வரைந்த படம்."

நாரையின் முகம் சுருங்கியது. ஆனாலும் இறங்கியது. முள்ளையும் சேற்றையும் மிதித்து இருவரும் கல் கல்லாக நடந்தார்கள். நேராக வந்த வரிசை, நரியின் புதர்க்காட்டுக்கு முன்னால் திடீரென்று வளைந்து கொல்லைக்குள் இறங்கியிருந்தது.

நாரை நரியைக் கூப்பிட்டு, "கோடு நேராகத்தான் போக வேண்டும். கல்லைப் பிடுங்கி உன் புதர்க்காட்டில் நடு" என்றது. நரி முணுமுணுத்துக்கொண்டே நட்டது.

மறுநாள் காலையிலும் முள்ளம்பன்றி ஒவ்வொரு கல்லாக முகர்ந்துகொண்டிருந்தது.

"அதான் சரிசெய்தாயிற்றே! இன்னும் என்ன தேடுகிறாய்?" என்றது நாரை.

"நீங்கள் நல்லவர்தான், ஐயா. உங்களுக்கு அப்புறம் சரிபார்க்க வரப்போகிறவர் யாரென்று தெரியாதே. எந்தக் கல் எங்கே என்று நானே தெரிந்துவைத்துக்கொள்கிறேன்" என்றபடி முள்ளம்பன்றி அடுத்த கல்லுக்கு நகர்ந்தது.