பிரேமினியின் இடது கை

"பிரேமினி, இன்னைக்கு ஷோவுல நீ வாசிக்க வேணாம். வீட்டுக்குப் போ."

பங்சார் ஹோட்டல் மேடையில் ஒத்திகை அப்படியே நின்றது. கனகசபை தன்னைவிட உயரமான டபுள் பேஸ் என்னும் தந்தி வாத்தியத்தின்மீது சாய்ந்துகொண்டார். நாற்பது வருடமாக ஜாஸ் குழு நடத்திய களைப்பு, உட்கார்ந்தாலும் போகாது.

"நான் என்ன தப்பு பண்ணேன் அங்கிள்?" கீபோர்டிலிருந்து பிரேமினி கேட்டாள். பதினெட்டு வருடமாக அவருடன் வாசிப்பவள்.

"உன் இடது கை சும்மாவே இருக்காதா? கீழ் சுரமெல்லாம் பேஸோட வேலை. அதுக்கு நான் இருக்கேன்ல? ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன். நான் எப்ப விழுவேன், என் இடத்துல உக்காரலாம்னு பாக்குறியா?"

டிரம்ஸ் வாசிக்கும் சுகுமாறன் பதறினான். "அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க லா!"

"இதைக் கேளு." கனகசபை கைப்பேசியை நீட்டினார். போன மாதம் கிள்ளானில் வாசித்த பதிவு. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்து விரல் மரத்துப் போனப்ப, நான் முடிஞ்சேன்னு எல்லாரும் சொன்னாங்க. இப்ப பாரு, பேஸ் எவ்வளவு சுத்தமா இருக்கு!"

பிரேமினியின் கண் கலங்கியது. "நல்லா இருக்கு அங்கிள்."

"அப்புறம் உன் கை எதுக்கு நடுவுல? இன்னைக்கு நாற்பதாவது வருஷ ஷோ. உன்கூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லம்மா. போ."

"கீபோர்டு இல்லாம எப்படிண்ணே?" என்றான் சுகுமாறன்.

"கித்தார் இருக்கு. போதும்."

பிரேமினி கீபோர்டின் சுவிட்சை அணைத்தாள். பிறகு ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து வயர்களைச் சரிபார்த்தாள். கனகசபையால் குனிய முடியாமல் போனதிலிருந்து வயர் வேலை அவளுடையதுதான். விரட்டின பிறகும் அதைச் செய்கிறாளே என்று அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

"போயிட்டு வரேன் அங்கிள்."

கதவு மூடியதும் கனகசபை நிமிர்ந்து நின்றார். "ம், ஆரம்பிப்போம். ஒன், டூ..."

மண்டபமே அதிர ஓர் அபசுரம் எழுந்தது. அடுத்ததும் அபசுரம். அதற்கடுத்தது தாளத்தையே விட்டு விலகியது.

"யாரு அது தப்பா வாசிக்கிறது?" கனகசபை கத்தினார்.

சுகுமாறன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"நீங்கதான் அண்ணே. ரெண்டு வருஷமா எல்லாரும் கேட்ட பேஸ் அவ இடது கை. உங்க வயரை அவ ஸ்பீக்கர்ல சொருகினது இன்னைக்குத்தான்."