சாப்பாட்டுக்கு முன் ஒரு ஸ்பூன்

"சூரணத்தைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிடறீங்களா? ஒரு மாசத்துக்குக் குடுத்தது, பாதி மாசம்கூட வரலையே!"

வைத்தியர் காலி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். மேஜையில் ஒரு பொடிகூட விழவில்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன், வெந்நீர்ல கலக்கி, சாப்பாட்டுக்கு முன்னாடி. நீங்க சொன்னதை அட்சரம் பிசகாம செய்யறேன் ஐயா. என் கையாலதான் குடுக்கறேன்" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பைண்டிங் பட்டறையில் காகிதம் வெட்டும் மெஷின் அவர் பொறுப்பு. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால், மெஷின் முன்னால் நின்றபடியே கண் சொருகிவிடும். ஒரு நாள் விரல் மயிரிழையில் தப்பியது. "உடம்பைச் சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க" என்று முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அன்று முதல் வீட்டில்தான் இருக்கிறார். தேறுவார் என்று பார்த்தால், நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகிறார்.

வைத்தியர் நாடி பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மந்தம் துளிகூடக் குறையலை. வயிறு கல்லு மாதிரி இருக்கு. மதியம் எவ்வளவு சாப்பிடறார்?"

"எங்க சாப்பிடறார்? கோழி கொறிக்கற மாதிரி நாலு வாய். அதையும் கஷாயம் குடிக்கற மூஞ்சியோட முழுங்கிட்டு அப்படியே சாஞ்சிடறார். கூப்பிட்டா 'ம்'ங்கறதுக்குக்கூடத் தெம்பில்லை."

"நாலு வாய் சாப்பிடற ஆளுக்கு பெல்ட் எப்படிம்மா ரெண்டு ஓட்டை தள்ளிப் போகும்?" என்று வைத்தியர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடாத மனுஷனுக்கு வயிறு பெருத்தால் அதற்கு என்ன அர்த்தம்? எதிர்வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் ஆம்புலன்ஸில் போனவர் திரும்பி வரவே இல்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, இந்த ஆளும் போய்விட்டால் தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததுமே அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், டப்பாவை நீங்களா எடுத்து முழுங்கறீங்களா?" என்று வைத்தியர் அவர் பக்கம் திரும்பினார்.

அவர் மனைவியை ஒரு முறை பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆமாங்க. சீக்கிரம் குணமாகட்டுமேன்னு... இவளுக்குத் தெரியாம ரெண்டு ஸ்பூன் கூடுதலா."

"அட, நல்லா இருக்கே! இந்த வயசுல திருட்டுத்தனமா?" என்று அவள் வாயில் கைவைத்தாள்.

"மருந்துலயும் பேராசையா சார்? இந்தாங்கம்மா, புது டப்பா. இனிமே இது உங்க கையை விட்டுப் போகக் கூடாது."

வெயிலில் இருவரும் நடந்தார்கள். தெருமுனை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சு வாங்கினார். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்கிட்ட எதையாவது மறைக்கறீங்களா? பெரிய வியாதி ஏதாவதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தாங்கிப்பேன்."

"நீ வேற! வெறும் அஜீரணம்மா."

"என் தலைமேல கைவெச்சுச் சொல்லுங்க."

நட்டநடுத் தெருவில் அவள் தலைமேல் கைவைத்தார் அவர். "எனக்கு ஒரு வியாதியும் இல்லை. போதுமா?"

அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. வியாதி இல்லாதவர் குரல் ஏன் கம்ம வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சூரணம் கலக்கிக் கொடுத்துவிட்டுச் சாப்பாடு போட்டாள். எப்போதும் முனகுகிறவர் இன்று முனகவில்லை, மிச்சமும் வைக்கவில்லை. எனக்காகத்தான் சாப்பிடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. சாப்பிட்டு முடித்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நாற்காலியில் சரிந்தார்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள், அழுகைச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயை முழுவதும் திறந்துவிட்டாள். மருந்தும் கைவிட்டது, வைத்தியரும் சிரிக்கிறார், இனி யாரிடம் போய் நிற்பது? வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

நாற்காலியில் அவர் கண்மூடி, முகம் வெளுத்துக் கிடந்தார். ஓடிப்போய் வெந்நீரில் சூரணத்தைக் கலக்கிக்கொண்டு வந்து அவர் தோளைத் தொட்டு உலுக்கினாள்.

"ஐயோ, மணி என்ன ஆச்சு பாருங்க! வைத்தியர் வீட்டுக்கு அலைஞ்சதுல உங்களுக்குச் சோறு போடவே மறந்துட்டேனே. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? எழுந்திருங்க, சாப்பிடலாம்."

அவர் கண்ணைத் திறந்து, தட்டு கழுவிய ஈரம் இன்னும் காயாத அவள் கையைப் பார்த்தார்; மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து, "நானே கேக்கணும்னு இருந்தேன். பசியில காது அடைக்குது, போடும்மா" என்றார்.